இருபத்து மூன்று நாள் எச்சரிக்கை

காலையில் வேலைக்கு வந்ததும் சிலருக்குக் காபி வேண்டும், சிலருக்கு ஊர்வம்பு வேண்டும். எனக்குப் பதிவேடு வேண்டும். பத்தொன்பது வருடப் பழக்கம். எங்கள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஆள் நடுங்குகிற குளிரில், பதினான்கு சர்வர்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் திரை வழியாகப் போய், ஒரு வரிக் கட்டளை தட்டி, நேற்றிலிருந்து இன்றுவரை அது என்னென்ன முனகியது என்று படிப்பேன். விசிறி மெதுவாகச் சுற்றியது, மின்சாரம் ஒரு நொடி தடுமாறியது, வட்டு ஒன்று சூடானது, எல்லாம் தேதியோடும் நேரத்தோடும் வரிவரியாக இருக்கும். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்பதையும் படித்துத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆணையர் ஐயா, உங்கள் எழுத்தர் நிதானமாகவே தட்டட்டும். எனக்கு அவசரமில்லை. பெயர் துஹாமி லம்ரீனி, வயது ஐம்பத்து மூன்று, ஊர் இந்த மெக்னெஸ்தான். யாரும் என்னை இழுத்து வரவில்லை. வாசலில் உங்கள் காவலர், "என்ன, கைபேசி தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். ஓர் அறிக்கையில் பிழை இருக்கிறது, திருத்த வந்தேன் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

அல்லால் ஸர்ஹூனி என்ற நோயாளி இறந்த வழக்கில் லல்லா நுஸ்ஹாவை ஆறு வாரமாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். நுஸ்ஹா லஹ்பாபி, எங்கள் கணினிப் பிரிவின் தலைவி, என் மேலதிகாரி; மரியாதைக்கு 'லல்லா' சேர்த்துத்தான் எல்லோரும் கூப்பிடுவோம். வியாழக்கிழமை வழக்கு மறுபடி வருகிறது. அதற்குள் நான் பேசியாக வேண்டும்.

அவர் போன வருடக் கடைசியில் தலைநகர் ரபாத்திலிருந்து வந்தார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வந்த மாதமே சுவரில் ஒரு பெரிய திரை மாட்டினார். பதினான்கு சர்வருக்குப் பதினான்கு வட்டம். நலமென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. மருத்துவமனை இயக்குநர் வந்து பார்த்துக் கைதட்டினார். குழந்தைக்கும் புரிகிறது என்றார். குழந்தைக்கு எதற்காகப் புரிய வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெயருக்கு முன்னால் 'ஸிதி' போட்டு மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஸிதி துஹாமி, தினமும் காலைல ரெண்டு மணி நேரம் என்னதான் பண்றீங்க?"

"பதிவேடு படிக்கறேன் லல்லா."

"அதான் திரை இருக்கே. சதுக்கத்துல சீட்டு விரிச்சுக் குறி சொல்றவங்க மாதிரி அந்தக் கறுப்புத் திரையையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மறுநாளிலிருந்து எனக்குப் பிரிண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான்கு மாடி, நாற்பத்தொரு பிரிண்டர். எங்கே காகிதம் சிக்கினாலும் துஹாமியைக் கூப்பிடு. அவமானமாக இருந்தது ஐயா. அதை ஒளிக்க நான் இங்கே வரவில்லை.

ஆனாலும் படிப்பதை விடவில்லை. சர்வர் அறையின் சாவி ஒன்று என்னிடமே இருந்தது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கடவுச்சொல் பிரிவில் எல்லோருக்கும் ஒன்றுதான். நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஒன்பதாவது சர்வரின் பதிவேட்டில் 'திருத்தப்பட்ட பிழை' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. ரேம் என்ற நினைவகச் சில்லு சில நேரம் ஓர் எழுத்தைத் தப்பாக நினைவு வைத்துக்கொள்ளும். சர்வரே அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துகொண்டு, சரிசெய்தேன் என்று எழுதி வைக்கும். ஒரு வரி என்றால் விட்டுவிடலாம். கிரெப் என்று ஒரு கட்டளை உண்டு, ஆயிரக்கணக்கான வரிகளிலிருந்து வேண்டியதை மட்டும் சலித்துக் கொடுக்கும். சலித்துப் பார்த்தேன். பத்து நாளில் பதினேழு வரி. பதினேழும் பி-இரண்டு என்ற குழியில் செருகியிருந்த ஒரே ரேம். அது தற்செயல் இல்லை. அந்த ரேம் சாகப்போகிறது.

ஒன்பதாவது சர்வர் இதய நோய்ப் பிரிவுக்கானது. அங்கே பன்னிரண்டு கட்டில். ஒவ்வொரு கட்டிலருகிலும் துடிப்பைக் காட்டும் கருவி உண்டு. பன்னிரண்டையும் சேர்த்துச் செவிலியர் மேசையில் ஒரே திரையில் காட்டுவதும், ஒருவருக்குத் துடிப்புத் தவறினால் அங்கே மணி அடிப்பதும் அந்தச் சர்வர்தான். நோயாளிகள் தூங்க வேண்டும் என்பதற்காகக் கட்டிலருகே உள்ள கருவிகளின் சத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். அந்த ஏற்பாட்டை நிறுவியவன் நான். ஆகவே, அது விழுந்தால் என்ன ஆகும் என்று துஹாமிக்குத் தெரியாது என்று யாரும் எழுத வேண்டாம்.

லல்லா நுஸ்ஹாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஒன்பதுல பி-ரெண்டு ரேமை மாத்தணும் லல்லா. போகப் போகுது."

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒன்பது பச்சையாத்தானே இருக்கு?"

"இப்போதைக்குத் தானே திருத்திக்குது. ஒருநாள் திருத்த முடியாமப் போகும். அப்ப அப்படியே உக்காந்துடும்."

"வட்டம் சிவக்கட்டும் ஸிதி, சிவந்த அன்னைக்கே மாத்திடறேன். ஒரே ஒரு சிவப்பு வட்டம் காட்டுங்க, போதும். இப்பப் போங்க, ரெண்டாம் மாடியில பிரிண்டர் கிறீச்சிடுதாம்."

இதுவரை கேட்டால் நீங்கள் என் பக்கம்தான் நிற்பீர்கள். என் மனைவி ரகிய்யாவும் இதுவரைதான் கேட்டிருக்கிறாள். இதற்கு மேல் நடந்ததை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

வட்டம் சிவந்தது. நோன்பு இரண்டாம் நாள் காலையிலேயே சிவந்துவிட்டது.

எந்தச் சர்வருக்குள்ளும் ஒரு குட்டிக் கண்காணிப்புப் பலகை இருக்கும். சர்வர் செத்தாலும் அது விழித்திருக்கும். அதற்குத் தனிப் பதிவேடு, தனிக் கடிகாரம். திருத்தங்கள் அளவு மீறிப் போனால் அது தன் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதி, சர்வரின் முகப்பில் ஆரஞ்சு விளக்கை ஏற்றும். அந்த விளக்கைப் பார்த்துத்தான் சுவரில் வட்டம் சிவக்கும். நோன்பு மாதத்தில் அலுவலகம் ஒன்பதுக்குத்தான், லல்லா நுஸ்ஹா வர ஒன்பதரை ஆகும். நான் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு மறுபடி படுப்பதில்லை. ஏழரைக்கு அங்கே இருந்தேன். விளக்கு எரிந்தது. ஒன்பதாவது வட்டம் நல்ல சிவப்பு. அப்படியே விட்டுவிட்டு நான் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தால், அவர் வந்து பார்த்திருப்பார், ரேமை மாற்றச் சொல்லியிருப்பார், பத்தரைக்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். "பாத்தீங்களா ஸிதி, திரை கண்டுபிடிச்சுடுச்சு" என்பார். இயக்குநர் மறுபடி இறங்கி வந்து கைதட்டுவார். அதற்கு முன்பே நான் வாய்விட்டுச் சொன்னது ஒருவருக்கும் நினைவிருக்காது. நான் படித்தது வீண், அவர் மாட்டியது வெற்றி. அதை என்னால் விழுங்க முடியவில்லை.

பலகையின் பதிவேட்டை என் கோப்பில் படியெடுத்துக்கொண்டேன். பிறகு 'அழி' என்று கட்டளை தட்டினேன், சர்வரின் சொந்தப் பதிவேட்டிலிருந்தும் அந்த வரிகளை நீக்கினேன். விளக்கு அணைந்தது, வட்டம் பச்சையானது. அவர் ஒன்பதரைக்கு உள்ளே வந்தபோது நான் மூன்றாம் மாடியில் முழங்காலிட்டு, கசங்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இருபத்து மூன்று நாள், காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு அலுவலகம் கலைந்த பிறகு ஒரு தடவை. படி, படியெடு, அழி. முதல் வாரம் நாளைக்கு ஒரு வரி வந்தது. இரண்டாம் வாரம் எட்டு, ஒன்பது. மூன்றாம் வாரம் முப்பதைத் தாண்டியது. அவர் தினமும் பச்சை வட்டங்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். நான் ஒரு கம்பியைத் தொடவில்லை, ஒரு திருகைத் தளர்த்தவில்லை. அவர் நம்பிய பச்சையை அவருக்குக் கொடுத்தேன்.

நோன்பு இருபத்து நான்காம் நாள். பிரிண்டர் சாக்கில் மாலைவரை தங்கியிருந்தேன். ஐந்து ஐம்பதுக்குத் திறந்து பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு வரி. பத்தொன்பது வருடம் படித்தவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு விழும். படியெடுத்தேன், அழித்தேன், அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்று நோன்பு திறக்க மைத்துனர் குடும்பமும் வந்திருந்தது.

"செருப்ப உள்ள எடுத்து வைக்காத ரகிய்யா, வாசல்லயே கிடக்கட்டும்."

"ஏன், சூப் குடிச்ச கையோட எங்க கிளம்பறீங்க?"

"ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடுவாங்க."

"பிரிண்டருக்கா? இந்நேரத்துலயா?"

மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு முப்பத்து மூன்றுக்கு பாங்கு சொன்னார்கள். ஆறு நாற்பத்தொன்றுக்குச் சர்வர் விழுந்தது. இதயப் பிரிவில் செவிலியர்கள் பக்கத்து அறையில் பேரீச்சம்பழமும் ஹரீரா சூப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே கண்ணாடிச் சுவர், அதன் வழியே மேசைத் திரை தெரியும். வருடா வருடம் அப்படித்தான், அந்தக் கால்மணி நேரம் திரையை நம்பித்தான் வாயில் ஒரு கவளம் வைப்பார்கள். படம் உறைந்து நின்றதை அங்கிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? பன்னிரண்டு கோடும் ஒழுங்காகத்தான் தெரிந்தன. அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். பதின்மூன்று மணி நேரம் தண்ணீர் படாத நாக்கு.

ஏழாம் கட்டிலில் அல்லால் ஸர்ஹூனி, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வயது அறுபத்தாறு. ஆறு நாற்பத்தேழுக்கு அவர் துடிப்புத் தடுமாறியது. கட்டிலருகே இருந்த கருவி குறைத்து வைத்த குரலில் கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் மகள் பூஷ்ரா கீழே வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். ஆறு ஐம்பத்தெட்டுக்கு அவள் திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதற்கு நடுவே எனக்குத் தொலைபேசி வந்தது. லல்லா நுஸ்ஹா அன்று மருத்துவமனையிலேயே தன் மேசையில் நோன்பு திறந்திருக்கிறார். வட்டம் சிவந்ததைப் பார்த்ததும் கீழே சர்வர் அறைக்கு ஓடியிருக்கிறார். மேலே இதயப் பிரிவுக்கு ஓட அவருக்குத் தோன்றவில்லை.

"ஸிதி துஹாமி, ஒன்பது சிவந்துடுச்சு. என்ன தட்டினாலும் பதிலே இல்ல."

"என்னை எதுக்குக் கூப்பிடறீங்க லல்லா? நான் பிரிண்டர் ஆளாச்சே."

"குத்திக்காட்ற நேரமா இது? உங்க கால்ல வேணா விழறேன், வாங்க ஸிதி!"

"வரேன்."

கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏழு பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏழு பதினாறுக்குக் கண்டுபிடித்துவிட்டேன். ஆறே நிமிடம். பலகையின் பதிவேட்டில் கடைசியாக நான்கு வரி: பி-இரண்டு, திருத்த முடியாத பிழை. ரேமை உருவி எறிந்துவிட்டுச் சர்வரை எழுப்பினேன். மேலே பதினொரு இதயங்கள் திரைக்குத் திரும்பின. இயக்குநர் என் தோளில் முத்தமிட்டார். "இவரைப் போயா பிரிண்டருக்கு அனுப்பினீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். லல்லா நுஸ்ஹா தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷமாக இருந்தது ஐயா. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இனி, லல்லா நுஸ்ஹாவை உள்ளே தள்ளிய அந்த ஆறு ஐம்பது மணி விஷயம். சர்வரை ஆராய வந்த உங்கள் நிபுணர் இதைத்தான் கோட்டைவிட்டார்.

பலகையின் பதிவேட்டை அழித்தாலும் முதல் வரியாக ஒன்று முளைக்கும்: 'பதிவேடு அழிக்கப்பட்டது', நேரத்தோடு. யார் அழித்தார் என்று இருக்காது. நான் அழித்தது ஐந்து ஐம்பதுக்கு. அதில் பதிந்திருந்ததோ ஆறு ஐம்பது. நோன்பு வந்தால் நம் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறது. கைபேசி தானாக மாறிக்கொள்ளும், சுவர்க்கடிகாரத்தை யாராவது ஏறி மாற்றுவார்கள். அந்தப் பலகைக்கு நோன்பு கிடையாது. அது பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

லல்லா நுஸ்ஹா மாடிக்குப் போனதும் நான் தனியாக இருந்தேன். சர்வர் விழுந்த நான்கு வரிகளிலும் ஏழு நாற்பத்தொன்று என்று இருந்தது. விழுந்ததோ ஆறு நாற்பத்தொன்று என்று ஊருக்கே தெரியும். அந்த வரிகள் இருந்தால், பலகைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று எந்த முட்டாளும் கண்டுபிடிப்பான். எல்லாவற்றையும் அழித்தாலோ, நான் அறையில் இருக்கும் நேரத்தில் புது வரி முளைக்கும். ஆனால் ஒற்றை வரியை மட்டும் நீக்கவும் அதில் ஒரு கட்டளை உண்டு. நான்கு தடவை தட்டினேன். ஒரு டம்ளர் தேநீர் ஊற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

ரபாத்திலிருந்து வந்த உங்கள் நிபுணர் பெருநாளுக்குப் பிறகுதான் வந்தார். அதற்குள் நாடு மறுபடி ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அவர் பலகைக் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நொடி பிசகாமல் பொருந்தியது. அப்புறமென்ன, ஆறு ஐம்பது என்றால் ஆறு ஐம்பதுதான். சர்வர் விழுந்து ஒன்பது நிமிடத்தில் யாரோ தடயத்தை அழித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அறையில் இருந்தவர் லல்லா நுஸ்ஹா ஒருவர்தான். நானோ ஏழு பேர் நடுவில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

அழிக்கிற கட்டளையே தனக்குத் தெரியாது என்று லல்லா நுஸ்ஹா உங்களிடம் அழுதாராம். பிரிவுத் தலைவிக்குத் தெரியாமலா என்று நீங்கள் கேட்டீர்களாம். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது ஐயா. அதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவரைச் சிக்கவைக்க நான் திட்டம் போடவில்லை. கடிகாரம் சொன்னது, நிபுணர் நம்பினார், நீங்கள் கைது செய்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவர் மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது.

பூஷ்ராகூட என் வீட்டுக்கு வந்தாள். தட்டு நிறைய செல்லு கொண்டுவந்திருந்தாள், எள்ளும் பாதாமும் வறுத்துப் பொடித்தது. "எங்கப்பா போயிட்டாரு, மத்த பதினோரு பேர் உங்களாலதான் பிழைச்சாங்கன்னு டாக்டர் சொன்னாரு மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரகிய்யா அழுதுவிட்டாள். செல்லு பதமாக இருந்தது. மூன்று நாள் வைத்திருந்து சாப்பிட்டோம்.

அப்படியானால் இப்போது ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். போன வாரம், சாட்சி என்ற முறையில் நிபுணரின் முழு அறிக்கையை என்னிடம் கையெழுத்துக்குக் கொடுத்தார்கள். நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி. எனக்கு மனப்பாடம். 'இந்த நினைவகக் கோளாறு எவ்வித முன்னறிகுறியும் இன்றித் திடீரென ஏற்பட்டது. பதிவேடுகளை எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் எவராலும் இதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது.'

எவராலும். ஆறு வாரம் நிம்மதியாகத் தூங்கியவன் ஐயா நான். அந்த வரியைப் படித்த பிறகு கண் மூட முடியவில்லை. அந்த ஆள் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். முதல் வரிக்கு எண் ஒன்று, அடுத்த வரிக்கு எண் ஆறு. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எங்கே என்று அவர் கேட்கவேயில்லை. நிபுணராம். என்னிடம் வேலை பார்த்திருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இதோ, நான் படியெடுத்து வைத்த கோப்பை உங்கள் மேசையில் வைக்கிறேன். இதில் இருபத்து மூன்று நாள் பதிவேடும் இருக்கிறது, ஒரு வரி குறையாமல், தேதி வாரியாக. ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு படியுங்கள். ஒன்பதாவது சர்வர் விழப்போகிறது என்று தெரிந்து, விளக்கை ஒவ்வொரு முறையும் அணைத்து, கடைசி நாள் அது இன்றைக்கே என்று தெரிந்தும் வீட்டுக்குப் போனவன் நான். அல்லால் ஸர்ஹூனியின் சாவு என் கையால் நடந்தது. லல்லா நுஸ்ஹாவை விட்டுவிடுங்கள், அவர் ஒன்றும் அறியாதவர். அதை எழுதும்போது 'அறியாதவர்' என்ற அந்த வார்த்தையை மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். நான்காம் பக்கத்தையும் திருத்தச் சொல்லுங்கள். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அந்தப் பத்தி மட்டும் அப்படியே நிற்கக் கூடாது.

ஸர்ஹூனியின் பெண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சொல்ல வேண்டும். அவள் அப்பா கவனிப்பாரில்லாமல் போகவில்லை என்று பூஷ்ராவிடம் சொல்லுங்கள். கடைசி நாள் வரைக்கும், காலையும் மாலையும், ஒரு வரி விடாமல் ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.